மேலே எந்தக் கம்பி?

சலோமியைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய இடது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுக்கு இது பிடிக்காது. "என்னையப் பத்தி எழுதுறதுன்னா என் மூக்கப் பத்தி எழுது, நல்லாத்தானே இருக்கு" என்பாள். மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஊர் நாற்பது வருடமாகக் குறை சொன்னது மூக்கை அல்லவே.

நான் தேவிகா. சொந்த ஊர் அம்பகரத்தூர், இப்போது குடியிருப்பது கோவில்பத்து. நானும் சலோமியும் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் மெமோ வரும். எனக்கு வாய் அதிகம், அவளுக்குப் பொறுமை அதிகம் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பியவர்கள் எல்லாம் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஒன்றாம் வகுப்பில் அவள் சிலேட்டில் இடது கையால் எழுதினாள். டீச்சர் அவளுடைய தலை ரிப்பனையே அவிழ்த்து, அந்தக் கையைப் பெஞ்சுக் காலோடு கட்டிப்போட்டார். ஒரு மாதம் தினமும் கட்டு. வலது கை எழுதப் பழகியது. சாப்பிட வீட்டில் பழக்கினார்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கண்காணிப்பாளர், இவள் இடது கையால் நீட்டிய கோப்பைத் தொடாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து கொடுப்பதும் வாங்குவதும் வலது கைதான். கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கும்போது அவள் இடது கை முதலில் அரை அங்குலம் எழும், பிறகு அடங்கிவிடும். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் மீதாவது எரிந்து விழத் தோன்றும்.

அந்தக் கைக்கென்று மிச்சமிருந்தது கிட்டார் மட்டும்தான்.

அதுவும் திருட்டுத்தனமாக வந்தது. அவள் அண்ணன் மரியமுத்து மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். ஆசைப்பட்டு ஒரு மரக் கிட்டார் வாங்கி, யாரும் தொடக் கூடாது என்று பீரோ மேல் வைத்திருந்தார். பதினான்கு வயது சலோமி அண்ணன் ஷிப்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு அதை இறக்குவாள். கிட்டாரில் ஆறு கம்பி. எல்லாரும் பிடிப்பதுபோல் பிடித்தால் தடித்த கம்பி மேலே முகத்தருகே இருக்கும், மெல்லிய கம்பி கீழே. இடது கையால் மீட்டுகிறவர்கள் கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இவள் மாற்றினால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, கிட்டாரை மட்டும் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய கம்பி மேலே வந்தது, தடித்த கம்பி கீழே போனது. சொல்லித்தர ஆள் இல்லை. காதில் விழுந்த பூசைப் பாட்டை எல்லாம் அந்தத் தலைகீழ்க் கம்பிகளில் தானே தேடித் தேடி எடுத்தாள்.

ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குக் கிட்டார் வாசிப்பவர் வரவில்லை, குழுவின் கிட்டார் மட்டும் இருந்தது. சலோமி எழுந்து போய் வாசித்தாள். பின் பெஞ்சில் இருந்த மரியமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாராம். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு இன்னும் ஒழுங்கா சுருதி சேக்கவே வரல, நீயே வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அவள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் வாசிக்கிறாள். குழுத் தலைவர் ஜான்பீட்டர் மாஸ்டர், ஓய்வு பெற்ற ஆசிரியர். கீபோர்டு வாசிப்பார், கொஞ்சம் கிட்டாரும் வரும். நேரம் தவறாதவர், காசு விஷயத்தில் சுத்தம், குழுவுக்காக ஓடி ஓடி உழைப்பார். ஆனால் சலோமியை மட்டும் இருபத்திரண்டு வருடமாகத் தூணுக்குப் பின்னால்தான் உட்கார வைத்தார். கிட்டாரின் கழுத்து எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கிறதாம். குழுவாகப் படம் எடுத்தால் கண்ணை உறுத்துகிறதாம். இரண்டையும் தாண்டி ஒன்று இருந்தது. "சாமி முன்னாடி நொட்டாங்கையா?" என்று ஆரம்பத்தில் ஒரு முறை கேட்டுவிட்டார். பிறகு கேட்கவில்லை, தூணே கேட்டுக்கொண்டிருந்தது.

போன வருடம் ஜூலையில் குழுக் கூட்டம் நடந்தது. ஆகஸ்டில் மாதா திருவிழா. தேர்பவனி அன்று மாலை, தேர் கிளம்புவதற்கு முன் திறந்தவெளி மேடையில் பாட்டு நிகழ்ச்சி. மைக் முன்னால் பழைய மரக் கிட்டார் காதில் விழாது, எலக்ட்ரிக் வேண்டும் என்றார் மாஸ்டர். சலோமி தானே வாங்குவதாகச் சொன்னாள்.

"வாங்கு, சந்தோஷம். ஆனா மேடையில எல்லார மாதிரியும் நேரா புடிச்சு வாசிக்கணும். இந்தத் தடவ தூண் கெடையாது, ஊரே பாக்கும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. நாகப்பட்டினத்துலேருந்து ஒருத்தர் வரேன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இதை அவள் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தை ஒரு வாக்கியத்தில் தூக்கிப் போடுகிறாரே மனிதர். அவள் மட்டும் டிபன் டப்பாவைத் திறந்தபடி, "கிட்டார வாங்கப் போறேன். புடிக்கிறத நான் பாத்துக்குறேன்" என்றாள்.

பிறகு மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கிட்டார்தான். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். முழுக் கட்டையில் செய்தது அவளுக்குப் பிடிக்கவில்லை, மரத்தின் வயிற்றிலிருந்து வரும் சத்தத்துக்குக் காது பழகிவிட்டது. வயிறு முழுக்கக் காலியாக இருப்பது ஸ்பீக்கர் முன்னால் நின்றால் ஊளையிடும். நடுவில் ஒரு கட்டை ஓடி, இரண்டு பக்கமும் காலியாக இருக்கும் ரகம்தான் அவளுக்குத் தேவை. அந்த ரகத்திலும் மூன்று மாடல். பார்த்தால் ஒரே சிவப்பு, ஒரே வளைவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருள் துளை. கடைசியில் ஓர் எண் மட்டும் வேறு.

"மூணும் ஒண்ணுதானடி. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தொடு" என்றேன்.

"ஆடுதுற நாப்பத்து மூணும் நாப்பத்தஞ்சும் ஒண்ணான்னு உங்கப்பாகிட்ட கேட்டுட்டு வா" என்றாள். என் அப்பா விவசாயி. அவரிடம் போய் இரண்டு நெல் ரகமும் ஒன்றா என்று கேட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. வாயை மூடிக்கொண்டேன்.

காரைக்காலில் ஒரு கோப்பு நகர வேண்டுமானால் அது புதுச்சேரிக்குப் போய்த்தான் வர வேண்டும். அப்படி ஒரு கோப்போடு ஆகஸ்ட் முதல் வாரத்தில் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். காலை பஸ். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று நாலு மணி நேரம். பதினொன்றரைக்குள் கோப்பைக் கொடுத்துவிட்டோம். பிற்பகலுக்கு இரண்டு பேரும் முறைப்படி அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தோம், அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

புதுச்சேரியில் அவள் பார்த்து வைத்திருந்த வாத்தியக் கடை பெரியது. சுவர் முழுக்கக் கிட்டார்கள். சலோமி நேராகச் சிவப்புகள் தொங்கும் பக்கம் போனாள். இரண்டை இறக்கச் சொன்னாள். துளை வழியாக எட்டிப் பார்த்தாள், முதலாவதில் நடுக்கட்டை இல்லை. "இது வேணாம், எங்க மேடையில நாய் மாதிரி கத்தும்" என்று திருப்பிக் கொடுத்தாள். கடை முதலாளியின் முகத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. அடுத்ததில் கட்டை இருந்தது. அதை வாங்கித் திருப்பிப் பிடித்தாள். வந்த மரியாதை போய்விட்டது.

"மேடம் லெஃப்டா?"

"ஆமாங்க."

"பரவால்ல. இந்த மாடல்ல கழுத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்குற கொம்பு ஒரே அளவு. திருப்பிப் புடிச்சாலும் பாக்க அப்படியே இருக்கும். வாசிங்க."

வாசித்தாள். கடையில் வேறு இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். எனக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது, ஆனால் அது நல்ல சத்தம் என்று தெரிந்தது. பாட்டில் கால்வாசி போயிருக்கும். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது.

ஒயர் கழன்றதா என்று பார்த்தார்கள், கழலவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள், நேராகப் பிடித்தால் கீழே இருப்பவை, திருப்பிப் பிடித்ததால் மேலே வந்துவிட்டன. சலோமியின் முழங்கை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் திருகில் உரசி அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பழைய மரக் கிட்டாரில் திருகே கிடையாது, அதனால் இந்தத் தொல்லை அவளுக்குத் தெரியவில்லை.

"கைய கொஞ்சம் தூக்கி வெச்சு வாசிங்க மேடம். மூணு மாசத்துல பழகிடும்" என்றார் முதலாளி.

அங்கேதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்த மாடல் உண்டு என்பது அவள் காட்டிய வீடியோக்களில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம். "அவங்க ஏங்க கையத் தூக்கணும்? இதுலயே லெஃப்ட் மாடல் இருக்குல்ல, அத எடுங்க. இவ்வளவு பெரிய கட வெச்சிருக்கீங்க, ஒண்ணுகூட இல்லன்னா சொல்லுங்க, வேற கடைக்குப் போறோம்." சலோமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "செத்த இருடி" என்றாள். நான் இருக்கவில்லை. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே மாடியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் சொன்னார். திறந்தால் அதே சிவப்பு, அதே துளை, அதே கொம்பு. திருகுகள் மட்டும் எதிர்ப்பக்கம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கடையில் நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சலோமி அதை மடியில் வைத்தாள். இடது கையால் மீட்டினாள். ஓடு மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் ஒரு சத்தம். மறுபடி மீட்டினாள். மறுபடி அதே சத்தம்.

இடது கைக்காரர்களுக்கென்று செய்தவர்கள் கம்பியையும் முறைப்படி மாற்றிப் போட்டிருந்தார்கள். தடித்த கம்பி மேலே. அவள் விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணனின் பீரோ மேலிருந்த கிட்டாரின் தலைகீழ் வரிசை. இருபத்திரண்டு வருடப் பாட்டும் அந்த வரிசையில்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிலேட்டை யாரோ பிடுங்கிக்கொண்டுவிட்ட குழந்தையின் முகம். நான்தானே அந்தப் பெட்டியை இறக்க வைத்தேன், எனக்கு அவமானமாக இருந்தது.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி. குரலில் ஒரு குஷி. "வலதுன்னா வலது, இடதுன்னா இடது. ரெண்டுலயும் சேராம வாசிச்சா எப்படி? ஏதாவது ஒண்ண முறையா கத்துக்குங்க மேடம். மூணு மாசத்துல பழகிடும்."

சலோமி கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. "பழகிடும் பழகிடும்னு சொல்லித்தாங்க என் எழுத்த மாத்துனாங்க. சோத்த மாத்துனாங்க. இத மாத்த மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் கடை முழுக்கக் கேட்டது. "இந்தக் கிட்டார்தான் எனக்கு வேணும். இந்தத் திருகு இங்கயே இருக்கட்டும். கம்பிய மட்டும் அந்தக் கிட்டார்ல இருக்குற மாதிரி போட்டுக் குடுங்க."

"லெஃப்ட் கிட்டார்ல ரைட் கம்பியா? அப்படி யாரும் பண்ண மாட்டாங்க மேடம். வாரண்டி போயிடும். நாளைக்கு விக்கணும்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"விக்கிறதுக்கு வாங்கலங்க."

இந்தப் பேச்சைக் கேட்டு உள்ளறையிலிருந்து ரிப்பேர் பார்க்கிற தாவூது வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. முதலாளியிடம் ஒன்றும் கேட்கவில்லை. சலோமியிடம் வந்து, "நீங்க வாசிக்கிறப்ப மேல எந்தக் கம்பிம்மா?" என்றார்.

சலோமி கிட்டாரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் யாரும் இதைக் கேட்டதே கிடையாது. எந்தக் கம்பி மேலே இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள்தான் எல்லாரும்.

"மெல்லிசுங்க" என்றாள்.

"சரி. கழுத்து முனையில கம்பி உக்கார ஆறு வெட்டு இருக்கு பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரு அகலம். மெல்லிசு கம்பிக்கு வெட்டுனதுல தடிக் கம்பி உக்காராது. புதுசா ஒரு எலும்புத் துண்டுல வெட்டிப் போடணும். ரெண்டு மணி நேரம் ஆகும், பரவால்லயா?"

"எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்லங்க."

ரெண்டே முக்கால் மணி நேரம் ஆனது. தாவூது கொண்டுவந்து கொடுத்ததும் அவள் பாதியில் நின்ற அதே பாட்டை எடுத்து, கடைசி வரை வாசித்தாள். சத்தம் குறையவில்லை. வாசித்து முடித்து அழுதாள். நானும் அழுதேன், எனக்கு மூக்கு ஒழுகியது, அவள் மூக்கு அப்போதும் அழகாகத்தான் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கிட்டாருக்கு ஒரு சீட் கேட்டாள். கண்டக்டர் சிரித்துவிட்டு, காரைக்கால் வரை யாரையும் அங்கே உட்கார விடவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் நான் சீக்கிரமே போய் முன்வரிசையில் இடம் பிடித்தேன். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கிட்டார்ப் பையைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாகப்பட்டினம் ஆள். மாஸ்டர் வரவழைத்தே விட்டார். நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம், மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்செட்டுக்காரர் நெடுமாறன் ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சலோமி ஏறி, மேடையின் நடுவில் முதல் வரிசையில் போய் நின்றாள். சிவப்புக் கிட்டாரை மாட்டினாள். கழுத்து எதிர்ப்பக்கம் நீட்டியது.

ஜான்பீட்டர் மாஸ்டர் கீபோர்டை விட்டு எழுந்து வந்தார். முன்னால் மைக் திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் சொன்னது நாற்காலிகளில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"நேரா புடிக்கச் சொன்னேன்ல?"

"எனக்கு இதாங்க மாஸ்டர் நேரா புடிக்கிறது."

"அங்க பாரு, அவரு ரெடியா உக்காந்திருக்காரு. நான் ஒரு வார்த்த சொன்னா போதும், மேடையேறிடுவாரு."

"எனக்கும் ஒரு வார்த்ததாங்க. மாத்திப் புடிக்க மாட்டேன்."

"எவ்வளவு நல்ல கிட்டாரு, இத வாங்கி இப்படிக் கெடுக்கிறியே. கழட்டு. எப்படிப் புடிக்கணும்னு நான் காட்டுறேன். அப்பறம் ஒனக்கே புரியும்."

சலோமி ஒரு நொடி யோசித்தாள். பிறகு கழற்றிக் கொடுத்தாள். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

மாஸ்டர் அதை எல்லாரும் பிடிப்பதுபோல் மாட்டிக்கொண்டார். அப்படித் திருப்பியதும் கம்பி வரிசை அவருக்குச் சரியாக வந்துவிட்டது, தடித்தது மேலே, மெல்லியது கீழே. வாசித்தார். நன்றாகத்தான் வந்தது. "பாத்தியா? எப்படிப் பேசுது!" என்றார். முகமெல்லாம் மலர்ந்தது. இன்னும் உற்சாகமாக மீட்டினார். சத்தம் தேய்ந்தது. தேய்ந்து நின்றுவிட்டது.

"யோவ் நெடுமாறா, லைன் போச்சுய்யா!"

"என்கிட்ட எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு."

சலோமி போய்த் திருகைக் கூட்டிவிட்டாள். மாஸ்டர் மறுபடி மீட்டினார். நாலு மீட்டு, சத்தம் போய்விட்டது. அவள் மறுபடி கூட்டினாள். மறுபடி போனது. மூன்றாவது முறை, நாகப்பட்டினத்துக்காரர்தான் முதலில் சிரித்தார். வாத்தியம் தெரிந்தவர் அல்லவா, முழங்கை எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிட்டார். அவரைப் பார்த்து வரிசை முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் தன் முழங்கையைப் பார்த்தார், திருகைப் பார்த்தார், கையைத் தூக்கித் தூக்கி வாசித்துப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது.

"அப்படித்தாங்க மாஸ்டர். கைய கொஞ்சம் தூக்கியே வெச்சு வாசிங்க" என்றாள் சலோமி மைக்குக்கு முன்னால். "மூணு மாசத்துல பழகிடும்."

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் பட்டையைத் தோளிலிருந்து கழற்றி, கிட்டாரை நீட்டினார். சலோமியின் இடது கை எழுந்தது. அரை அங்குலத்தில் நிற்கவில்லை. மாஸ்டர் முன்னால், மாதா முன்னால், ஊர் முன்னால், அந்தக் கையாலேயே வாங்கி மாட்டிக்கொண்டாள்.